துணிக்கு மேல் பார்த்த முட்டி

வலது தோளில் காய்ப்புக் காய்த்த என் அப்பாவுக்கு,

வேதா எழுதுகிறேன். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. காட்டூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் கடிதம் எதற்கு? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் மாறினால் வீடு. அதற்கும் சோம்பல் என்றால் போன். இப்போது எந்த பஸ் ஏறினாலும் நீங்கள் இருக்கும் இடத்துக்கு வர முடியாது என்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அம்மா சௌக்கியம். காலையில் இன்னும் இரண்டு டம்ளர் காபிதான் கலக்கிறாள். "கை அளவு அப்படி ஆயிடுத்துடி, நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு இரண்டாவதையும் அவளே குடிக்கிறாள். சர்க்கரை ஏறியிருக்கிறது என்று கத்தினேன். என்னோடு காட்டூருக்கு வந்து இரு என்று கூப்பிட்டால், "பெருமாளை விட்டுட்டு அங்க வந்து எதைப் பாக்கறது? உன் க்ளினிக் போர்டையா?" என்கிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் வருகிறேன். உங்கள் மாப்பிள்ளை வழக்கம்போல வாரம் ஒரு சாவியைத் தொலைக்கிறார்.

சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மார்க் குறைந்த அன்றெல்லாம் நான் வீட்டுக்கு வந்ததும் பூனை, மழை, பஸ்ஸில் கூட்டம் என்று ஊர்க்கதை பேசுவேன். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, எவ்வளவு?" என்பீர்கள். இன்றைக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. நானேதான் சொல்லியாக வேண்டும்.

அப்பா, உங்கள் முட்டியை நான் தப்பாகப் பார்த்துவிட்டேன்.

இதை உங்கள் படத்துக்கு முன்னால் நின்று முணுமுணுத்திருக்கலாம். பத்துப் பேர் படிக்கிற இடத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. நான் சொன்ன தீர்ப்பை நீங்கள் வீதி வீதியாகச் சொல்லிக்கொண்டு நடந்தீர்கள். அது தப்பு என்றால் அதையும் ஊரறியச் சொல்வதுதான் முறை. உங்களைத் தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: என் அப்பா ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீபாதம் தாங்குகிறவர். அதாவது, பெருமாள் வீதிக்குப் புறப்படும்போது பல்லக்கின் தண்டைத் தோளில் சுமந்து அவரை ஏளப்பண்ணிக்கொண்டு போகிறவர்களில் ஒருவர். பகலில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. ஆனால் யாராவது "என்ன பண்றீர்?" என்று கேட்டால் நூலகம் அவர் வாயில் வராது.

நான் எலும்பு டாக்டர். "எலும்புக்கு லேடி டாக்டரா?" என்று வாசலில் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முட்டியைப் பிடித்து அசைத்துக் காட்டியதும் தயக்கம் போய்விடும். எனக்கு இந்தக் கையில் கர்வம் உண்டு அப்பா. உண்டு என்ன, இருந்தது.

முட்டி பார்ப்பதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. ஆள் நடந்து வரும்போதே பார்க்கத் தொடங்க வேண்டும். பிறகு இரண்டு காலையும் தொடை வரைக்கும் துணி விலக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், நல்ல காலை முதலில், நோகிற காலைப் பிறகு. வீக்கம் இருக்கிறதா, தொடைச்சதை ஒரு பக்கம் இளைத்திருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடு தெரிகிறதா. முட்டிச்சில்லை அமுக்கினால் அடியில் நீர் இருப்பது விரலுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் காலை மடக்கி வைத்துக்கொண்டு ஒரே விரலால், ஒவ்வொரு இடமாக, எங்கே உயிர் போகிறது என்று தேட வேண்டும். எக்ஸ்ரே இதெல்லாம் முடிந்த பிறகுதான். படத்தில் தெரிகிற எல்லாமும் வலிப்பதில்லை. வலிக்கிற எல்லாமும் படத்தில் தெரிவதில்லை. இதை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

ஊருக்குத்தான் உபதேசம்.

நீங்கள் வந்த அந்த மத்தியானம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. போன்கூடப் பண்ணாமல் பஸ் ஏறி வந்து, முன் அறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு, இன்னாருடைய அப்பா என்று ஒருவரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தீர்கள். "டோக்கன் பதினொண்ணு" என்று கூப்பிட்டதும் கதவைத் திறந்துகொண்டு வந்தது நீங்கள். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது.

"என்னப்பா இது? உள்ள வரவேண்டியதுதானே?"

"எல்லாரும் வலியோட உக்காந்திருக்கா. நான் மட்டும் முந்திண்டு வந்தா நன்னாவா இருக்கும்?"

அந்த அறையில் கதவிலிருந்து நாற்காலி வரை ஏழெட்டு அடி தூரம். மற்றவர்கள் அந்த ஏழெட்டு அடியில் என்னிடம் பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள். உங்கள் நடை எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷம் தண்டுக்கு அடியில் நடந்தவர்களுக்கெல்லாம் ஒரு நடை வந்துவிடுகிறது, வலது தோள் சற்று இறங்கி, பாதத்தை முழுசாக ஊன்றி, உடம்பை ஓர் ஆட்டு ஆட்டி. நம் வீதியில் பாதிப் பேர் அப்படித்தான் நடப்பார்கள். பெருமாளின் நடையழகுக்குப் பேர்போன ஊர் இது. நீங்கள் விந்தி வந்தீர்களோ என்னவோ, எனக்கு அது எங்கப்பா நடையாகத்தான் தெரிந்தது.

"எங்க வலிக்கறது?"

"முட்டிதாம்மா. வலது கால், உள்பக்கம். படி ஏறினா முதல் படியிலேயே சுருக்குங்கறது. ஏறி முடிச்சா சரியாப் போயிடறது."

சொல்லிக்கொண்டே பஞ்சகச்சத்தின் மேல் ஒரு விரலை வைத்தீர்கள். நான் விரலைப் பார்த்தேன். அது எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும், "வேட்டியை நல்லா மேல தூக்குங்க, ரெண்டு காலும் தெரியணும்" என்று அதட்டியிருப்பேன். வெட்கப்பட்ட தாத்தாக்களை, முறைத்த போலீஸ்காரர்களை எல்லாம் அதட்டியிருக்கிறேன். உங்களிடம் "அப்பா, கொஞ்சம் வேட்டியை..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் சட்டென்று சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தீர்கள். நானும் காலண்டரைப் பார்த்தேன். நாற்பது வயதில் அதுவரை உங்கள் முட்டியை நான் கண்ணால் கண்டதில்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. கணுக்கால் தெரியும், பாதம் தெரியும், தார் ரோட்டு வெயிலில் வெடித்த குதிகால் தெரியும். அதற்கு மேலே வேட்டிதான்.

போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு அரை டிராயரைக் கொடுத்துத் திரைக்குப் பின்னால் அனுப்பியிருக்கலாம். பக்கத்துத் தெருவில் எனக்குத் தெரிந்த ஆண் டாக்டரிடம் அனுப்பியிருக்கலாம். இரண்டும் தோன்றவில்லை. வேட்டியின் மேலேயே கையை வைத்துக் காலை மடக்கி நீட்டினேன். உள்ளங்கையில் கரகரவென்று பட்டது. மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அது எலும்பின் கரகரப்பா, அம்மா கஞ்சி போட்டு உலர்த்திய வேட்டியின் மொடமொடப்பா என்று இன்று எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னேன். படத்தில் தேய்மானம் இருந்தது. அறுபதைத் தாண்டிய நிறையப் பேருக்கு இருக்கிற தேய்மானம்தான். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான் போலிருக்கிறது. துணியை விலக்கச் சொல்ல முடியாத மகளுக்கு, எலும்பு வரைக்கும் விலக்கிக் காட்டுகிற ஒரு படம்.

"அப்பா, முட்டி தேஞ்சிருக்கு. இனிமே தோள் கொடுக்காதீங்கோ."

"கொஞ்ச நாளைக்கா?"

"இல்லப்பா. இனிமே வேண்டாம். மேல மேல கனம் ஏத்தினா சீக்கிரம் ஆபரேஷன்ல கொண்டு விட்டுடும்."

படத்தை உறைக்குள் போட்டீர்கள். பிறகு, "முன்தண்டு வேண்டாம். பின்தண்டுல, கொஞ்ச தூரம்?" என்று கேட்டீர்கள். அவ்வளவு மெதுவாக நீங்கள் எதையும் கேட்டு நான் அறிந்ததில்லை.

"எந்தத் தண்டும் வேண்டாம்ப்பா."

"டாக்டர் சொன்னா சரி" என்று எக்ஸ்ரே உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தீர்கள். பசிக்கிறது, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டேன். அம்மா தளிகை பண்ணி வைத்திருப்பாள் என்று கிளம்பிவிட்டீர்கள். எக்ஸ்ரே எடுக்கப் போன நேரம் போக, மொத்தம் பத்து நிமிஷம் இருக்குமா? அந்தப் பத்து நிமிஷத்தைத் திருப்பித் தரச் சொல்லி நான் யாரிடம் போய்க் கேட்பது?

அதன் பிறகு நீங்கள் செய்ததைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை முணுமுணுத்திருந்தால், "இவ சொன்னா நான் விட்டுடணுமா?" என்று ஒரு நாள் கத்தியிருந்தால், எனக்குச் சுமை குறைந்திருக்கும். நீங்களோ வீதியில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டீர்கள். "எங்க வேதா படத்தைப் பாத்துட்டு ஒரே வார்த்தையில சொல்லிட்டா, தோள் கூடாதுன்னு. டாக்டர்னா அப்படின்னா இருக்கணும்!" கறிகாய்க் கடைக்காரர் வரைக்கும் என் தீர்ப்பு போய்ச் சேர்ந்தது. தண்டில் உங்கள் இடத்துக்கு, இரண்டு வீடு தள்ளி இருக்கும் சௌரி வந்தான்.

புறப்பாடு நம் வாசலைத் தாண்டும்போது நீங்கள் நிலைப்படியை ஒட்டி நிற்பீர்கள். ஒருமுறை நானும் பின்னால் இருந்தேன். நீங்கள் கை கூப்பிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றீர்கள், வலது, இடது, வலது, இடது. நான் அம்மாவின் காதில் சொன்னேன்: "பாத்தியா? அஞ்சு நிமிஷம் ஒரே கால்ல நிக்க முடியலை. நல்லவேளை, நிறுத்தினோம்." அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இரண்டு வருஷம் அப்படி நின்றீர்கள். பிறகு ஒரு காலை, பூஜை முடித்து எழுந்திருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் மறுபடி எழுந்திருக்கவில்லை. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்களைக் கிடத்தியிருந்த இடத்தில் உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதும் கணுக்காலுக்கு மேலே துணி.

இதுவரை உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாதது இனிமேல்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌரி வீட்டுக்கு வந்தான். துவாக்குடியில் வேலை, தினமும் காட்டூர் வழியாகத்தான் பஸ்ஸில் போகிறான், க்ளினிக்கில் இறங்க மாட்டானாம். "அங்க வந்தா நீ டாக்டர். பீஸ் கேப்பே. இங்க வந்தா வேதா" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபோது முகம் ஒரு கணம் சுளித்தது.

"என்னடா?"

"முட்டி. தண்டை இறக்கிட்டு நம்மாத்துப் படி ஏறினா முதல் படியில சுருக்குங்கறது டாக்டரே. மாமாவுக்கு வந்த மாதிரியே தேய்மானம்தான். எனக்கும் ஒரு படம் எடுத்து, போதும்னு சொல்லிடு. விட்டுடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது. உங்கள் தண்டை வாங்கிக்கொண்டவன்.

"படம் கிடக்கட்டும். போய் ஷார்ட்ஸ் போட்டுண்டு வா" என்றேன். சின்ன வயசில் இருவரும் கொள்ளிடம் மணலில் உருண்டவர்கள், அவனிடம் எனக்கென்ன கூச்சம்? போய் மாற்றிக்கொண்டு வந்தான். கூடத்தில் நடக்கவிட்டேன். நிற்கவிட்டேன். பாயில் உட்காரவைத்து முதலில் நல்ல காலைத் தொட்டேன், பிறகு மற்றது. வீக்கம் இல்லை, சூடு இல்லை, நீர் இல்லை. குதிகால் பின்தொடையில் முட்டும் அளவுக்கு மடங்கியது. இடுப்பையும் சுழற்றிப் பார்த்தேன், இடுப்பு வலி சில சமயம் முட்டியில் வந்து பேசும். அது சுத்தம். காலை மடக்கி வைத்து, தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கிற இடுக்கில் விரலை ஓட்டினேன். தேய்மானமோ சவ்வுக் கிழிசலோ என்றால் அங்கேதான் பெரும்பாலும் கத்துவார்கள். சௌரி கத்தவில்லை. விரல் இன்னும் கீழே இறங்கியது, முட்டிக்கு நாலு விரக்கடை கீழே, உள்பக்கம். அங்கே லேசாகத்தான் அமுக்கினேன்.

"ஐயோ! ரங்கா!" என்று துள்ளிவிட்டான்.

அந்த இடம் மூட்டே இல்லை அப்பா. தொடையின் முன், உள், பின் பக்கங்களிலிருந்து மூன்று தசைநார்கள் சேர்ந்து இறங்கி எலும்பில் ஒட்டுகிற இடம். அடியில் சின்னதாக ஒரு நீர்ப்பை. கனத்தோடு காலை மாற்றி மாற்றி ஊன்றினால் அது உரசிப் புண்ணாகும். எக்ஸ்ரேயில் தெரியாது. கொஞ்ச நாள் ஓய்வு, தசையை நீட்டிப் பழக்கும் பயிற்சி, அதற்கும் அடங்காவிட்டால் அந்த இடத்தில் ஒரு ஊசி. பெரும்பாலும் சரியாகிவிடும். "விட்டுடு" என்று சொல்ல வேண்டிய வியாதியே இல்லை அது.

அப்போதுதான் அம்மா காபியோடு வந்தாள். என் விரல் சௌரியின் காலில் இருந்த இடத்தைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, தன் கட்டைவிரலை என் விரலுக்குப் பக்கத்தில், அச்சு அசலாக அதே இடத்தில் வைத்தாள்.

"உங்கப்பாவுக்கும் இதே இடம்தான்டி. சாயங்காலம் சாயங்காலம் இங்கேதான் தைலம் தேய்ச்சு விடுவேன். முட்டியில தேய்க்கப் போனா, 'அங்க இல்லை, கீழ, கீழ'ன்னு சொல்லுவார்."

சௌரியின் காலிலிருந்து விரலை எடுத்தேன்.

நான் தொடாத இடத்தை அம்மாவின் கட்டைவிரல் வருஷக்கணக்காகத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நானும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. டாக்டர் பெண்ணுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டாளாம்.

சௌரி போன பிறகு அம்மாவை உட்காரவைத்து விசாரித்தேன். உலகத்திலேயே இப்படி ஒரு பரிசோதனையை யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள். நோயாளி இல்லை. கால் இல்லை. கட்டைவிரலின் ஞாபகம் மட்டும்.

"முட்டி வீங்கினதுண்டா?"

"ஒரு நாளும் இல்லை."

"சப்பணம் போட்டு உக்காருவாரா?"

"கடைசி நாள் வரைக்கும் சப்பணம் போட்டுத்தானே பெருமாளுக்கு முன்னாடி உக்காந்தார்? நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

"படுக்கும்போது?"

"ஒருக்களிச்சுப் படுத்தா ரெண்டு முட்டிக்கும் நடுவுல துண்டை மடிச்சு வெச்சுப்பார். ஒண்ணோட ஒண்ணு பட்டா வலிக்கும்னுவார்."

அந்தத் துண்டு போதும் அப்பா, அது அந்த நீர்ப்பை வலிக்காரர்கள் வைத்துக்கொள்கிற துண்டு. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கேள்வித்தாளில் கொடுத்தால் அந்தத் துண்டை வைத்தே விடை எழுதிவிடுவார்கள்.

பீரோவிலிருந்து உங்கள் எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தேய்மானம் இருக்கிறது, பொய்யில்லை. கொஞ்சமாக இருக்கிறது. அதைவிட மோசமான படத்தோடு மலைக்கோட்டைப் படி ஏறி இறங்குகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள், தோள்வலி என்று. உங்களுக்கு வலித்தது இதனாலா, அந்த நீர்ப்பையாலா, இரண்டாலுமா? என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய கால் கொள்ளிடக் கரையில் சாம்பலாகிவிட்டது. ஒன்று மட்டும் தெரியும். ஒரே விரல், ஒரே நிமிஷம், வேட்டியை விலக்கி அமுக்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நீங்கள் இன்னும் இரண்டு வருஷம் தோள் கொடுத்திருக்கலாம். கடைசிப் புறப்பாடு வரைக்கும் கொடுத்திருக்கலாம்.

உங்களுக்குச் சந்தேகம் வந்ததா அப்பா? "அங்க இல்லை, கீழ" என்று அம்மாவிடம் சொன்னவர், என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் மகளின் தீர்ப்பில் குற்றம் கண்ட மாதிரி ஆகிவிடும் என்றா? இல்லை, நீங்கள் அன்றைக்கே விரல் வைத்துச் சொல்லித்தான் விட்டீர்களா?

சௌரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாமா ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டார்" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவர் எடுத்துக்க மாட்டார்னு எனக்குத் தெரியாதா? அதுதான்டா பிரச்சினையே!" என்று கத்தினேன். அவன், "ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டியே?" என்று கேட்டான். "தண்டுக்கு அடியில வெச்சுக்கற துணியை எங்கிட்ட கொடுத்த அன்னிக்கு மாமா அழுதார். அழுதுண்டே, 'எம்பொண்ணு கண்டுபிடிச்சுட்டாடா, இல்லேன்னா கால் போயிருக்கும்'னார்."

அழுதீர்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

சௌரிக்கு ஆறு வாரம் பயிற்சி, ஒரு ஊசி. பயிற்சி பண்ணமாட்டேன் என்று டிமிக்கி கொடுத்தவனை அவன் மனைவியை விட்டு மிரட்டினேன். இப்போது யார் முட்டியோடு வந்தாலும், கூட வருகிறவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: "வீட்ல எங்க தேய்ச்சு விடுறீங்க?" போன வாரம் எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "எல்லா இடமும் வலிக்குது டாக்டர்" என்றார். அவர் மனைவி, "பொய்யி டாக்டரம்மா. இந்தா, இங்கதான்" என்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து விரலை வைத்தார். சரியாக இருந்தது. கூச்சப்படுகிறவர்களுக்காகத் திரைக்குப் பின்னால் நாலைந்து அரை டிராயர் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை எடுத்துக் கொடுக்கும்போதும் உங்கள் ஞாபகம். அன்றைக்கு ஒன்றைக் கொடுக்கத் தோன்றியிருக்கக் கூடாதா?

போன வாரம் காலைப் புறப்பாடு. நீங்கள் போன பிறகு நான் புறப்பாட்டுக்கு வாசலுக்கு வந்ததே இல்லை. சமையலறையில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு சௌரி திரும்பவும் தோள் கொடுக்கிற முதல் நாள். அவன் கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சாக்குச் சொல்லிவிட்டு, நிலைப்படியை ஒட்டி, நீங்கள் நின்ற இடத்தில் வந்து நின்றேன்.

நாதஸ்வரம் வீதி முனையில் கேட்டது. குடை தெரிந்தது. பிறகு பெருமாள், அந்த ஆட்டத்தோடு. எல்லோரும் மேலே பார்த்துக் கை கூப்பினார்கள். நான் கீழே பார்த்தேன். முன்தண்டில் வலது பக்கம் சௌரி. பாதம் முழுசாகப் பதிந்தது, முட்டி தடுமாறாமல் கனத்தை வாங்கியது, அடுத்த பாதம். விந்தல் இல்லை. அத்தனை கால்களும் ஒரே கால்போலப் போயின. என்னைத் தாண்டும்போது கண்ணைச் சிமிட்டினான், போக்கிரி. எனக்குக் கண் மறைத்தது.

"என்னடி, ஒரு இடத்துல நிக்காம காலை மாத்தி மாத்தி வைக்கறே? முட்டி வலிக்கறதா?" என்று பக்கத்தில் அம்மா கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். என் வலது கால், இடது கால், வலது கால். எப்போது ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. சௌரியின் பாதம் பதியும்போது என் பாதம் பதிந்துகொண்டிருந்தது. எனக்கு எந்த வலியும் இல்லை.

"இல்லம்மா" என்றேன்.

"உங்கப்பாவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா பெருமாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா, நீங்கள் வலியால் கால் மாற்றவில்லை. இரண்டு வருஷம், அந்த நிலைப்படியில் நின்றபடியே, நீங்கள் பெருமாளை ஏளப்பண்ணிக்கொண்டு போயிருக்கிறீர்கள். நான் பின்னால் நின்றுகொண்டு அதையும் நோய் என்று எழுதினேன்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன். கேட்டால் உடனே கொடுத்துவிடுவீர்கள். ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கை வேலை செய்கிற வரைக்கும், எவர் முட்டியையும் துணிக்கு மேல் பார்க்க மாட்டேன். விரல் வைத்துக் காட்டுகிறவரின் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன். நம் வாசலைப் பெருமாள் தாண்டுகிற ஒவ்வொரு முறையும் காட்டூரிலிருந்து வந்து உங்கள் இடத்தில் நிற்பேன். வலது, இடது, வலது, இடது. அவர் திருப்பம் தாண்டி மறைகிற வரைக்கும், உங்கள் பங்கை நான் நடக்கிறேன்.

உங்கள் தோளிலிருந்து தண்டை இறக்கிவைத்த உங்கள் பெண்,
வேதா